பட்டணம் தனபாலும் பதில் வராத பெயரும்

கண்ணமங்கலத்தில் ஆரணி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பஸ் வந்தது. ஏறப் போனவனைக் கண்டக்டர் தோளைத் தொட்டு நிறுத்தினார். பழகிய மனிதர். "இன்னாங்க, விஷயம் தெரியாம இங்க நின்னுகினு இருக்கீங்க? உங்க பட்டணம் தனபால் காலைல தவறிட்டாருங்க. சாயப் பட்டறையில உக்காந்துகினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்படி என்ன அவசரம் இந்த மனிதருக்கு என்று வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அவரிடம் நான் ஓர் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இந்த அமாவாசைக்குக் கேட்கலாம், அடுத்த அமாவாசைக்குக் கேட்கலாம் என்று பத்து வருடமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். "சரி ரத்தினம், சொல்லிடு" என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால், நாங்கள் இருவரும் சேர்ந்து காப்பாற்றிய ஒரு பொய்யை இறக்கி வைத்திருப்பேன். இப்போது கேட்க ஆள் இல்லை. எங்கள் நெசவாளர் சங்க மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் அதில் பாதி, நான் செய்த தப்பைப் பற்றி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரோடு பட்டணம் வந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். தனபாலண்ணன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நான் சேலையில் புட்டா என்கிற பூ வேலை போடுவதற்கான அட்டைகளில் துளை அடிக்கிறவன். தறி வேலை செய்யும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அமாவாசைதான் விடுமுறை. அந்த ஒரு நாளையும் தூங்கியே தீர்க்கிற ஊரில், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் இவர் எழுந்து, "பட்டணம் போயி ஒரு ராத்திரி பாத்துட்டு வரலாம், யார் வர்றீங்க?" என்று கேட்டார். முதல் தடவை ஒன்பது பேர். அப்புறம் ஒரு பஸ்ஸையே வாடகைக்குப் பேச வேண்டியதாயிற்று. ஆரணியில் தனபால் என்று பத்துப் பேராவது இருப்பார்கள், பட்டணம் தனபால் என்றால் ஒருவர்தான்.

அவர் ஒரு பயணத்தைத் திட்டமிடுவதைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்காரன் தோற்றான். ஒரு வாரம் முன்பே தனியாகப் பட்டணம் போவார். எந்த ஓட்டலில் இருபது இலை சேர்ந்தாற்போல் விழும், எந்தக் கடைத்தெருவில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், நடக்க முடியாதவர்கள் உட்கார எங்கே திண்டு இருக்கிறது என்று எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிட்டு வருவார். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. ஒரு தடவை கேலி செய்தேன். திருப்பிக் கேட்டார்: "பொம்பளைங்க ஒதுங்க எடம் எங்க இருக்குன்னு தெரியாம இட்டுகினு போனா, அவங்களுக்கு அது இன்பச் சுற்றுலாவாடா? பேஜாரு."

அவருக்கு இன்னொரு கட்டளை உண்டு. "ஒரு ராத்திரிக்கு ஒரு சந்தோஷம் போதும். நாலு வெச்சா நாலும் கலந்து சேறாயிடும்." சினிமா என்றால் சினிமா மட்டும். சர்க்கஸ் என்றால் சர்க்கஸ் மட்டும். "இவ்ளோ தூரம் வந்துட்டு இதோட திரும்பறதா?" என்று நாங்கள் குதிப்போம். அவர் அசைய மாட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒன்றைப் பற்றியே பஸ் பேசிக்கொண்டு வரும். ஆறு மாதம் கழித்தும் தறிக்குழியில் உட்கார்ந்து அதையே பேசுவோம். அவர் கணக்கு சரிதான் என்று அப்போதுதான் தெரியும்.

கடலைக் காட்டுவதென்றால் இருட்டிய பிறகுதான் காட்டுவார். நாங்கள் போவதே அமாவாசையில். நிலா இருக்காது. மணலில் விளக்கு எட்டாத இடமாகப் பார்த்து எல்லோரையும் உட்கார வைத்து, கால் மணி நேரம் யாரும் பேசக் கூடாது என்பார். "பகல்ல காட்டினா தண்ணின்னு சொல்லிட்டு சுண்டல் வாங்கப் போயிடுவானுங்க. ராத்திரில கொஞ்சம் பயம் வரும். பயந்தது மறக்காது." ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா முதல் முறை வந்தபோது அந்தக் கால் மணி நேரமும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். என்னம்மா என்று கேட்டதற்கு, "தெரிலண்ணா, நல்லா கீது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த ஏகாம்பரம்தான் நான் சொல்ல வந்தவர். அதிகம் பேசாத தறிக்காரர். அமாவாசையன்றும் தறிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறவர். சரோஜாவின் தங்கை வசந்தாவை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அதனால் அந்த வீட்டுக்குள் எனக்குப் போக்குவரத்து இருந்தது. "நீயும் ஒரு தரம் போயி அந்தக் கடல் சத்தத்த கேட்டுட்டு வாய்யா, வூட்டயே கட்டிகினு அழாத" என்று சரோஜா அவரை ஒரு வருடமாக நச்சரித்ததை நானே கேட்டிருக்கிறேன். தை அமாவாசைக்குப் பட்டணத்துப் பொருட்காட்சிக்கு என்று அண்ணன் பட்டியல் எழுதியபோது, ஏகாம்பரத்தின் பெயரைச் சரோஜாதான் கொடுத்தார். அவர் பஸ் ஏறும்போது துண்டை மடித்துத் தோளில் போட்டுவிட்டதும் சரோஜாதான்.

அன்று எங்கள் இருவரையும் சேர்க்காமல் இருபத்து நான்கு பேர். கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் தெரிய, எல்லோருடைய வலது மணிக்கட்டிலும் அண்ணன் ஒரு பட்டு நூலைக் கட்டிவிட்டார். அவரே சாயம் போட்ட அரக்குச் சிவப்பு. பகலில் பார்த்தால் தெருக்கோடியிலிருந்து தெரியும். இருட்டிய பிறகு எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் அவர் நூலின் நிறம் பார்த்துச் சொல்ல மாட்டார். விளக்கு வெளிச்சம் பொய் சொல்லும் என்பதைச் சாயப் பட்டறையில் பிறந்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ராத்திரிக் கூட்டத்துக்காக ஒரு நிறத்தைப் பகலில் தேர்ந்தெடுத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே முட்டாள்தனம் அது. பொருட்காட்சி முழுக்க மெர்க்குரி விளக்கு. அந்த நீல வெளிச்சத்தில் எங்கள் சிவப்பு கறுப்பாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்கு ஒருவர் கையில் மந்திரித்த கறுப்புக் கயிறு இருந்தது.

உள்ளே நுழைந்த உடனேயே அவர் கவனித்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டார். "நானே ஏமாந்துட்டேன் பாரு. ரத்தினம், கயித்த நம்பாத. வெளிய வரும்போது நான் போயி பஸ்ஸ இட்டாறேன், நீ வாசல்ல நின்னு எண்ணு. முகத்தப் பாத்து, பேர சொல்லி எண்ணு" என்றார். சரி என்றேன். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது.

நான் எப்படி எண்ணினேன் தெரியுமா? கையைப் பார்த்து எண்ணினேன். நாள் முழுக்க அட்டையில் துளைகளை எண்ணுகிறவன், கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாலும் தப்பாது என்று ஊரே சொல்லும். பெயர் சொல்லிக் கூப்பிடுவது பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை என்று எனக்குத் திமிர். வாசலில் நெரிசல். பின்னால் போலீஸ்காரர் ஜல்தி ஜல்தி என்று விரட்டுகிறார். விளக்குக் கம்பத்தடியில் நின்ற கைகளை இரண்டிரண்டாக எண்ணினேன். இருபத்து நான்கு. பஸ்ஸோடு வந்த அண்ணன் படியில் நின்றபடியே, "சரியா?" என்றார். "சரிண்ணா, இருபத்து நாலு" என்றேன். எங்களோடு சேர்ந்து நின்றிருந்த எவனோ ஒரு வழிப்போக்கன் கையில் இருந்த கறுப்புக் கயிறு அந்த இருபத்து நாலில் ஒன்று.

காஞ்சிபுரம் தாண்டி ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். கடைசி இருக்கைக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு மட்டும் இருந்தது. பொருட்காட்சிக்குள் வெறுங்காலோடு போயிருக்கிறார் மனிதர். அது யாருடையது என்று கேட்டுத் தேடியபோதுதான் ஏகாம்பரம் இல்லை என்று தெரிந்தது. அண்ணன் குனிந்து அந்தச் செருப்பை எடுத்துப் பார்த்தார். டிரைவரிடம் "திருப்புங்க" என்று மட்டும் சொன்னார். திரும்பிப் போகும் வழியெல்லாம் எனக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. அது இன்றைக்கும் சில இரவுகளில் ஓடுகிறது.

விடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மைதானத்தில் துடைப்பத்தோடு நாலு பேர் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். "ண்ணா, நான் முகத்தப் பாக்கலண்ணா. கையப் பாத்து எண்ணிட்டேன்." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பக்கத்தில் இல்லை.

"நீ எண்ணல. நான் எண்ணினேன்" என்றார். "ஸ்டேஷன்லயும் அதான். சரோஜா கிட்டயும் அதான். புரியுதா?"

"ண்ணா, வேணாம்ணா…"

"அக்கா புருஷன தொலைச்சவனுக்குத் தங்கச்சிய எவன்டா குடுப்பான்? வசந்தா இன்னா பாவம் பண்ணிச்சி? அந்த வூட்ல ஒரு வாழ்க்க போனது போதும். அவரு கெடச்சிட்டா நானே உண்மைய சொல்றேன். அது வரைக்கும் வாயத் தொறக்காத."

நான் தலையாட்டினேன். இதைப் படிக்கிற நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆட்டினேன்.

ஏகாம்பரம் கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடினோம். ஆஸ்பத்திரி, கடற்கரை, ரயில் நிலையம் என்று ஓர் இடம் விடவில்லை. உயிராகவும் கிடைக்கவில்லை, உடலாகவும் கிடைக்கவில்லை. நாலாம் நாள் காலை சரோஜா வீட்டு வாசலில் அண்ணன் நின்றார். பின்னால் நான் நின்றேன். "நான்தாம்மா எண்ணினேன். தப்பு என்னுது" என்றார். சரோஜா கத்தவில்லை. "எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா ஊர இட்டுகினு போற வேல?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும் வரை அண்ணன் அங்கேயே நின்றார்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணன் வரவில்லை, வந்தால் சரோஜா எழுந்து போய்விடுவார் என்று. அதன் பிறகு ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அவர் தனியாகப் பட்டணம் போனார். பொருட்காட்சி வாசலில் விளக்கு அணைக்கும் வரை நிற்பார். மறுநாள் குளிக்காமல், வீட்டுக்குக்கூடப் போகாமல், நேராகச் சரோஜா வாசலுக்கு வருவார். "இந்த வருசமும் பாத்துட்டு வந்தேம்மா. காணல." சரோஜா கதவைச் சாத்துவார். அவ்வளவுதான் பேச்சு. ஊரெல்லாம் செத்தவர்களுக்குப் படையல் போடுகிற நாளுக்கு மறுநாள் இது நடக்கும். சரோஜா படைத்ததில்லை. "இருக்காரா இல்லையான்னே தெரியாதவருக்கு எதப் படைப்பேன்?" என்பார். பொட்டையும் அழிக்கவில்லை.

ஒரு தடவை பட்டறையில் வைத்து அவரிடம் கேட்டேன். "ஏன்ணா வருசா வருசம் போயி அடி வாங்கிகினு வர்ற? போகாம இருந்தா இன்னா?"

கலயத்துக்குள் நூலைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "அவர அனுப்பி வெச்சது அந்தப் பொண்ணு. தெரியுமில்ல? நான் போயி நிக்கலன்னா அது யார் மேல கோவப்படும்? தன் மேலயே பட்டுக்கும். என் மேல படட்டும். எனக்குத் தாங்கும்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் வசந்தா, மடியில் எங்கள் முதல் குழந்தை. சொல்லவில்லை.

சில வருடம் கழித்து ஊர் வற்புறுத்தியதால் அண்ணன் மறுபடியும் பயணம் நடத்தினார். பொருட்காட்சி மட்டும் இல்லை. எண்பதுகளில் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். நூல் கிடையாது, எண்ணுவதும் கிடையாது. பஸ் கிளம்பும்போதெல்லாம் டார்ச் லைட்டை அடித்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பட்டியலில் கடைசிப் பெயர் ஏகாம்பரம். அதையும் கூப்பிடுவார். ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். பதில் வராது. பிறகுதான் டிரைவரைப் பார்த்துத் தலையசைப்பார். சிரித்துக்கொண்டு ஏறிய பஸ் அந்த ஒரு மூச்சுக்கு அடங்கிப் போகும். அந்த நேரத்தில் அவர் டார்ச்சை ஒருநாளும் என் பக்கம் திருப்பியதில்லை. ஒரு தடவையாவது திருப்பியிருக்கலாம் என்று இருக்கிறது.

ஒரு வருடம் தேசூரிலிருந்து யாருக்கோ சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார். விளையாட்டுக்காரர், விஷயம் தெரியாது. "ஏகாம்பரம்" என்று கூப்பிட்டதும் பின்னாலிருந்து, "இங்கதான் இருக்கேன் சாமி!" என்று குரல் கொடுத்துவிட்டார். டார்ச் கீழே விழுந்தது. அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒரு நிமிசம் வந்துட்டாருன்னே நெனச்சிட்டேன்டா" என்றார். பிறகு, "வந்துட்டா உண்மைய சொல்லணுமே, முதல்ல உன்னத்தான் காப்பாத்தணும்னு தோணிச்சி, பாரேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் காரியம் முடிந்த அன்று மாலை முதலில் வசந்தாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். மூன்று நாள் சோறு போட்டாள், பேசவில்லை. நாலாம் நாள், "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? போயி அக்கா கிட்ட சொல்லு" என்றாள்.

சரோஜா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விளக்குக் கம்பம், கறுப்புக் கயிறு, மைதானத்தில் தலையாட்டியது வரை. முறம் நின்றது.

"எண்ணும்போது அவரு முகத்தப் பாத்தீங்களா?"

"இல்லக்கா."

"அப்போ யாருமே பாக்கல."

"இல்லக்கா."

முறத்தைக் கீழே வைத்தார். "பத்து வருசமா அந்த மனுசன் மூஞ்சில கதவ சாத்தினேனே" என்றார். அழுதார். ஏகாம்பரம் போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வர்ற தை அமாவாசைக்கு நீங்க போங்க."

"சரிக்கா."

"வெளக்கு அணைக்கற வரைக்கும் நிக்கணும். வந்து இங்க நின்னு எங்கிட்ட சொல்லணும்."

"சொல்றேன்க்கா."

"நான் கதவ சாத்துவேன்."

"சாத்துக்கா" என்றேன்.

தனபாலண்ணன் எனக்காகப் பத்து வருடம் நின்ற இடம் அது. இனி அங்கே நான் நிற்பேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான்.